யாரும் விரும்பாத படத்தை யார் தேடுகிறார்கள்?

தெலோக் பங்ளிமா காராங் வழியாகச் சென்று லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரி தீவு வந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரால் வழங்கும் இத்தீவில், சுங்கை பும்புன் கிராமத்து மாமேரி பூர்வகுடியினர் செதுக்கும் மரமுகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. சுற்றுப்பயணிகள் பெரும்பாலும் அவற்றைத்தான் படமெடுத்துச் செல்கின்றனர். அதே தீவின் தோட்டங்களில் பால்மரம் சீவியும், பிறகு செம்பனைக் குலை வெட்டியும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சிதறிக் கிடக்கிறார்கள்.

அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு ஓர் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் எப்படி நின்றார், பாட்டி பால்வாளியைத் தூக்கிக்கொண்டு எப்படி நடந்தாள் என்று பார்க்க வேண்டும். புகைப்படம் அன்று, அசையும் படம். வீட்டில் இருப்பதோ அடையாளக் கார்டுக்காக எடுத்த ஒரே ஒரு படம். எங்கே போய்த் தேடுவது?

விடை சற்று விசித்திரமானது. திரைப்படக் கொட்டகையிலோ தொலைக்காட்சியிலோ அது கிடைக்கப்போவதில்லை. கிடைப்பதாக இருந்தால் ஆவணக் காப்பகங்களிலும், அரிய படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களிடத்திலும்தான் கிடைக்கும். அதிலும் அவர்கள் மிகவும் விரும்பிச் சேர்ப்பவை, வெளிவந்த காலத்தில் "ஒன்றுமே புரியவில்லை" என்று மக்கள் ஒதுக்கித் தள்ளிய பரிசோதனை ஆவணப்படங்கள். ஒதுக்கப்பட்ட படத்துக்கு இத்தனை மவுசு ஏன் என்பதுதான் கேள்வி.

பரிசோதனை ஆவணப்படம் என்றால் என்ன?

வழக்கமான ஆவணப்படம் எல்லாருக்கும் பழக்கமானது. கம்பீரமான ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கும். "இது செம்பனைத் தோட்டம், இங்கே ஆண்டுக்கு இத்தனை டன் எண்ணெய் கிடைக்கிறது" என்று குரல் சொல்ல, படம் அதற்குத் தலையாட்டும். எதைப் பார்க்க வேண்டும், எதை நினைக்க வேண்டும் என்பதைக் குரலே முடிவு செய்துவிடுகிறது.

பரிசோதனை ஆவணப்படம் இந்த ஒழுங்கைக் கலைத்துப் போடுகிறது. சிலவற்றில் விளக்கக் குரலே இராது. சிலவற்றில் படம் ஒன்றைக் காட்டும், ஒலி வேறொன்றைச் சொல்லும். ரஷ்யாவின் ஜிகா வெர்டோவ் 1929ஆம் ஆண்டு எடுத்த 'கேமராவுடன் ஒரு மனிதன்' இதற்கு முன்னோடி. அதில் கதை இல்லை, நடிகர் இல்லை. ஒரு நகரம் விழித்து, உழைத்து, ஓய்வதை ஒரு கேமரா ஓடி ஓடிப் பிடிக்கிறது. வெளிவந்தபோது வீண் வித்தை என்று பலர் முகம் சுளித்தார்கள். 2014ஆம் ஆண்டு பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய கணிப்பில், உலகின் தலைசிறந்த ஆவணப்படமாக அதுவே முதலிடம் பெற்றது. இடையில் 85 ஆண்டுகள்.

தோட்ட மக்களுக்கு நெருக்கமான உதாரணம் இலங்கையில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டு, இலங்கைத் தேயிலையை விளம்பரப்படுத்தும் வாரியம் படம் எடுக்கப் பணம் கொடுத்தது. பேசில் ரைட் என்ற இளைஞர் கேமராவுடன் கப்பலேறினார். வாரியம் எதிர்பார்த்தது நான்கு சிறு விளம்பரப் படங்கள். திரும்பி வந்தவர் கொடுத்ததோ 'சாங் ஆஃப் சிலோன்' என்ற ஏறத்தாழ நாற்பது நிமிடப் படம். நான்கு பகுதிகள் கொண்ட அதை, பணம் போட்டவர்கள் தேயிலை விளம்பரம் என்று சொல்லிக்கொள்வதே சிரமம்.

அதன் மூன்றாம் பகுதிக்கு 'வணிகத்தின் குரல்கள்' என்று பெயர். திரையில் உழைக்கும் மனிதர்கள் தெரிகிறார்கள். காதிலோ தந்தி ஓசை, சந்தை விலை, கப்பல் போக்குவரத்துச் செய்தி, வியாபாரக் கடித வாசகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. விளக்கம் ஒரு வரி இல்லை. ஆனால் பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. இங்கே குனிந்து நிமிரும் முதுகுக்கும் எங்கோ லண்டனில் கூறப்படும் விலைக்கும் உள்ள உறவை எந்தப் பேச்சாளரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1935இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் அப்படம் பரிசு பெற்றது.

அதே படத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இலங்கைத் தேயிலையின் முதுகெலும்பு மலையகத் தமிழர். தமிழகத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்களும் அவர்களும் ஒரே ஊர்க்காரர்கள், சில இடங்களில் ஒரே குடும்பத்தினரும்கூட. படத்தில் தொழிலாளர்களுக்குப் பெயர் கிடையாது. அவர்கள் யார், எங்கிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்ற தகவலும் கிடையாது. ஒலி லண்டனில் சேர்க்கப்பட்டது. புத்தரையும் பழைய இலங்கையையும் அத்தனை அழகாகக் காட்டிய படம், தோட்டத்து வரலாற்றைத் தொடாமலே நழுவிவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அது நியாயமான குறைதான்.

சேகரிப்பாளரை இழுப்பது எது?

முதல் காரணம் வெறும் எண்ணிக்கை. ஒரு எம்.ஜி.ஆர். படத்துக்கு எத்தனையோ பிரதிகள் போடுவார்கள். ஊர் ஊராக ஓடித் தேய்ந்தாலும் எங்காவது ஒன்று தப்பிக்கும். பரிசோதனை ஆவணப்படத்துக்குச் சில பிரதிகள் போட்டாலே அதிகம். திரையிட்ட பிறகு கிடங்கு வாடகை கொடுத்து அதை வைத்திருக்க யாருக்கும் மனம் வராது. கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி கலந்திருப்பதால், அதைப் பிரித்தெடுக்கவே பழைய படங்களை அழித்த வழக்கமும் இருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கே இன்று பிரதி இல்லாதபோது, ஆவணப்படத்தின் கதி என்னவாகியிருக்கும்?

ஆனால் அரிது என்பதற்காக மட்டும் ஒருவர் வாழ்நாளையும் பணத்தையும் செலவழித்துச் சுருள் தேடுவதில்லை. அப்படியானால் தபால்தலையோடு நின்றிருப்பார். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் பழைய இசைத்தட்டுகளுக்கு நடுவே குனிந்து தேடுபவரைக் கவனித்தால் தெரியும். விலை இரண்டாவதுதான், கையில் எடுத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது உள்ளே யாருடைய முகம் தெரியப்போகிறது என்பதே முதல் துடிப்பு. தலைப்பில்லாத ஒரு சுருளில் ஒரு திருவிழா இருக்கலாம், இடிக்கப்பட்ட ஒரு தெரு இருக்கலாம்.

பரிசோதனைப் படத்தில் இந்த வாய்ப்பு அதிகம். விளக்கக் குரலுக்காக எடுத்த படத்தில், குரல் சொன்னது மட்டுமே சட்டத்துக்குள் இருக்கும். குரலைத் துறந்தவர்கள் தெருவையும் கைகளையும் முகங்களையும் நெடுநேரம் பார்த்தபடி இருந்தார்கள். எடுத்தவருக்கே முக்கியமாகப் படாத விஷயங்கள் ஓரத்தில் பதிந்துபோயின. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வந்துவிடுகிறது.

இந்தியாவில் நடந்தது இதற்குச் சாட்சி. 1948இல் அரசு அமைத்த பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. நியூஸ்ரீல் ஓடும்போது ரசிகர்கள் வெளியே தேநீர்க் கடையில் நின்றார்கள். அப்படி யாரும் பார்க்காத அந்த நிமிடங்களில்தான் 1960களின் இறுதியில் சில துணிச்சலான சோதனைகள் நடந்தன. பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' (1968), இளைஞர் கூட்டத்தையும் வழிபாட்டையும் அறிவியலையும் கண் சிமிட்டும் வேகத்தில் மோதவிட்டது. எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' (1967) விடுதலை நாளில் பிறந்து இருபது வயதை எட்டிய இளைஞர்களைப் பேசவைத்தது. அவர்கள் ஒரே பாட்டைப் பாடவில்லை. ஒருவர் நாட்டை நேசிக்கிறார், இன்னொருவர் கசந்துபோயிருக்கிறார். அரசாங்கப் பணத்தில் எடுத்த படத்திலேயே அரசாங்கம் சொல்லச் சொல்லாத பதில்கள் இருந்தன. 2012இல் மும்பையில் இப்படங்களைத் தொடர்ந்து திரையிடத் தொடங்கியபோது, அன்று தேநீர்க் கடைக்குப் போனவர்களின் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஒரு லட்சம் மைல் போன தமிழர்

சுருள் தேடுவதில் தமிழர்களுக்குப் பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்து, ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தியவர் ஏ.கே. செட்டியார். 'மலேயா முதல் கனடா வரை' என்ற பயண நூலை எழுதியவரும் அவரே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குச் சென்ற கப்பலில் இருந்த செட்டியாருக்கு, காந்தியின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தது. அப்போது அவருக்கு வயது 25.

படம் எடுப்பது என்றால் புதிதாக எடுப்பதுதானே? செட்டியார் யோசித்தது வேறு மாதிரி. காந்தியை ஏற்கெனவே எத்தனையோ பேர் படம் பிடித்திருக்கிறார்கள். அவை உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்ப்போம் என்று கிளம்பினார். தென்னாப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அலைந்தார். அந்தக் கணக்குகளை அவரே எழுதி வைத்திருக்கிறார்: ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம், முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருள். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தார். ஓட்டிப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். தமிழ் விளக்கத்துடன் 1940 ஆகஸ்டு மாதம் சென்னையில் வெளியானது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, ஆட்சி பிரிட்டிஷாருடையது. மற்றவர்கள் எடுத்த துண்டுகளைச் சேர்த்து ஒரு முழுநீளப் படம் செய்வது அன்றைய தமிழ்நாட்டில் யாரும் செய்து பார்க்காத சோதனை.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த படம் பின்னால் தொலைந்துபோனது என்பதுதான் கொடுமை. சுதந்திரத்துக்குப் பின் இந்தியில் ஒன்று, 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் ஒன்று என்று வடிவங்கள் வந்தன. செட்டியார் 1983இல் மறைந்தார். வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் விடாமல் தேடி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுத்தது சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம். 1940இல் தமிழ் மக்கள் பார்த்த அந்தத் தமிழ்ப் படம் கிடைக்கவில்லை. படம் எடுத்த கதையைச் சொல்லும் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூல் மட்டும் கடைகளில் இருக்கிறது. சேகரித்தவரின் சேகரிப்பையே இன்னொருவர் தேடிச் சேகரிக்க வேண்டிய நிலை.

மலாயாவின் சுருள்கள்

இனி இங்கே வருவோம். மலாயாவில் 1946இல் மலாயன் பிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. மலேசியா உருவான 1963க்குப் பின் அது பிலெம் நெகாரா ஆயிற்று. 2013இல் பினாஸுடன் இணைக்கப்பட்டது. அவசரகாலத்தில் (1948-1960) தகவல் இலாகாவின் பட வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போயின. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, இடவலம் மாறிய படத்தைப் பார்ப்பார்கள். சுகாதாரம், பாதுகாப்பு, அரசாங்கத் திட்டம் பற்றிய படங்கள் தமிழ் விளக்கத்தோடும் வந்தன.

அவை பெரும்பாலும் பிரசாரப் படங்கள். ஒளிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிரசாரத்துக்காக எடுத்த படத்தில்கூடப் பின்னணியில் நடந்துபோகும் பெண்ணை இயக்குநர் ஏற்பாடு செய்யவில்லை. பிரிட்டனின் கிரவுன் பிலிம் யூனிட் எடுத்து 1948இல் வெளிவந்த 'வாய்சஸ் ஆஃப் மலாயா' சற்று மாறுபட்டது. ஒற்றை ஆங்கிலேயக் குரலோடு நிற்காமல், மலாயாவின் பல இனத்தவர் குரல்களை வைத்து நாட்டைச் சொல்ல முயன்றது. எழுதிக் கொடுத்த வசனம்தான் என்றாலும் அந்த நாளில் அது ஒரு சோதனை. பிரிட்டனின் காப்பகங்களில் உள்ள 6,000க்கும் மேற்பட்ட காலனித்துவப் படங்களின் பட்டியல் 2010இல் இணையத்தில் வெளியிடப்பட்டது. மலாயாத் தோட்டங்களும் அதில் உண்டு. கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அந்தப் பட்டியலைப் புரட்டலாம். பட்டியலில் இடம் இருக்கும், ஆண்டு இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்கும். தலையில் முண்டாசு கட்டிக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் தொழிலாளியின் பெயர் இருக்காது.

அண்மைக் காலத்தில் மலேசியச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுபவை அமீர் முகமட்டின் படங்கள். கையடக்க டிஜிட்டல் கேமரா வந்த பிறகு, பெரிய முதலீடில்லாமல் எடுக்கப்பட்டவை. 'தி பிக் டுரியான்' (2003), 1987 அக்டோபரில் கோலாலம்பூர் சௌகிட் பகுதியில் ஒரு ராணுவ வீரர் துப்பாக்கியால் சுட்டதையும், அதையொட்டி நகரில் பரவிய பீதியையும், பின் வந்த ஓப்ராசி லாலாங் கைதுகளையும் பற்றிப் பேசுகிறது. 23 பேர் தங்கள் நினைவைச் சொல்கிறார்கள். அவர்களில் சிலர் உண்மையில் தங்கள் கதையைச் சொல்பவர்கள், சிலர் நடிகர்கள். யார் எவர் என்று சொல்லப்படவில்லை. வதந்தி எப்படிப் பரவுகிறது என்பதைப் பார்ப்பவரே அனுபவித்துத் தெரிந்துகொள்கிறார். அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவுக்குச் சென்ற முதல் மலேசியப் படம் அதுவே. 2006இல் வந்த அவரது 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' சின் பெங் பிறந்து வளர்ந்த ஊர்களைச் சுற்றி வருகிறது. சின் பெங் படத்தில் வருவதே இல்லை. ஊர்க்காரர்களின் பேச்சும் நடுநடுவே பாட்டும்தான். முதலில் தணிக்கை வாரியம் வெட்டு ஏதுமின்றி அனுமதித்தது. பின்னர் உள்துறை அமைச்சு தடை விதித்தது.

தடை ஒரு படத்தை அரிதாக்கிவிடும். அரிதானால் தேடுபவர் கூடுவர். ஆனால் இங்கே சேகரிப்பாளர்கள் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி, வாரியம் அனுமதிக்காத படத்தைக் காட்டுவது மட்டுமன்றி வைத்திருப்பதும் குற்றம். இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமை அமைப்பின் பணியாளர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. தமிழர்களின் துயரத்தைக் காட்டிய படம், தமிழர்கள் வாழும் நாட்டில், இந்தச் சட்டத்தின் கீழ் வந்தது.

அலமாரியில் இருக்கும் சுருள்

பெரிய படங்கள் கிடக்கட்டும். கிள்ளான் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் பழைய 8 மில்லிமீட்டர் சுருள்களும் விஎச்எஸ் ஒளிநாடாக்களும் தூங்குகின்றன. கிராணி ஒருவர் பொழுதுபோக்காக எடுத்தது, தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டம் துண்டாடப்படுவதற்கு முன் நடந்த கடைசிக் கல்யாணம். வெட்டி ஒட்டாத, விளக்கக் குரல் இல்லாத படங்கள். எடுத்தவர் அறியாமலே எடுத்த பரிசோதனை ஆவணப்படங்கள் என்று அவற்றைச் சொன்னால் மிகையாகாது.

அவற்றுக்கு நம் நாட்டு வெப்பமும் ஈரமும் எமன். 1950களின் தொடக்கம் வரை திரையரங்குகளுக்கான 35 மில்லிமீட்டர் படங்கள் நைட்ரேட் சுருளில் வந்தன; அவை எளிதில் தீப்பற்றக் கூடியவை. வீட்டுக் கேமராக்களுக்கான சுருள் அசிட்டேட்டில் ஆனது. எளிதில் தீப்பற்றாது, ஆனால் வெக்கையில் புளிக்காடி வாடை வீசத் தொடங்கும். அந்த வாடை வந்தால் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்பதால் அதை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது பலர் செய்யும் தவறு. ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவு விரைவாகும். ஆசையாக இருக்கிறது என்று பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். சுருங்கிப்போன சுருளின் ஓரத் துளைகள் கிழிந்துவிடும். முதலில் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டு, மூலச்சுருளைத் தூக்கி எறியாமல் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த ஒளிநாடாவைத் துடைக்காமல் கருவியில் போடக்கூடாது. வீட்டில் காக்க முடியாதவர்கள் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

சேகரிப்பாளர்களிலும் இரு வகை உண்டு. பெட்டியைப் பூட்டி, தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்ற பெருமையோடு வாழ்பவர் ஒரு வகை. அவரால் கறையானுக்குத்தான் லாபம். ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டுபவர் இன்னொரு வகை. இரண்டாமவரால்தான் பெயரில்லாத முகங்களுக்குப் பெயர் கிடைக்கிறது. எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தால் போதும். "அந்தா போறது தண்டல் வீட்டுப் பெரியவளாச்சே, பக்கத்துல நிக்கிறது எங்க அத்தை" என்று சொல்லத் தொடங்குவார். அப்போது படத்தை நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். டப்பாவுக்கு வெளியே, அதனுடன் சேர்த்து வைக்கும் சீட்டில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, எடுத்தவர் பெயர், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பேனா மை ஊறிவிடும். பென்சிலால் எழுதுவதே நல்லது.